குழந்தையின் செல்பேசியில் நம் குரல்

(பொன்னேரியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடங்களை ஒலிப்பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்பும் ஆசிரியர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பழகிய வேலை இது. பள்ளி திறந்த பிறகும் பலர் விடவில்லை. வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, மேசை, மைக், மடிக்கணினி என்று சின்ன ஒலிப்பதிவுக் கூடமே வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், குரல் தகரத்தில் தட்டியது போல இருக்கிறது. ரேடியோவில் கேட்பது மாதிரி இதமாக வர எந்த மைக் வாங்கலாம்?"

மைக்குக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், இந்த இதம் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் பார்வை மிகக் குறைந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் தமிழ்ப் பாடத்தைக் கேட்டுத்தான் படிக்கிறாள். இன்னும் சில பிள்ளைகளின் பெற்றோர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்டு வேலை பார்ப்பவர்கள். இரவில் வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. இருக்கும் ஒரு செல்பேசியில் பாடத்தைப் போட்டுவிட்டுப் படுத்தபடி கேட்கிறார்கள். காதைக் குத்தும் ஒலியை ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் கேட்கும்? நீங்களே நான்கு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

பழைய வானொலியின் இதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சென்னையில் மாநகராட்சியே 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. அறிவிப்பாளர் பேசியது எதிரொலி இல்லாத அறையில், மைக்குக்கு நெருக்கமாக. மத்திய அலை ஒலிபரப்பு மிக உயர்ந்த அதிர்வெண்களைத் தானாகவே வெட்டிவிடும். கேட்கும் வீட்டில் மரப்பெட்டிக்குள் பெரிய காகிதக் கூம்பு ஒலிபெருக்கி இருந்தது. வால்வு பெட்டியாக இருந்தால் வால்வும் ஒலியின் முனைகளைக் கொஞ்சம் மழுக்கியது. ஆக, நாம் நினைத்து ஏங்கும் அந்த இதத்தில் ஒரு பெரிய பங்கு கேட்பவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

நம் பிள்ளை கேட்கும் பெட்டி எது? விரல்நகம் அளவு ஒலிபெருக்கி கொண்ட செல்பேசி. சுமார் 400, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் பெரிதாக வராது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100, 120 ஹெர்ட்ஸ் அளவில். பெண் குரல் 200ஐ ஒட்டி. அந்த அடிப்படைச் சுரம் செல்பேசியில் ஒலிப்பதே இல்லை. மேலே உள்ள மடங்கு அதிர்வெண்களை வைத்து மூளைதான் அதை ஊகித்துக்கொள்கிறது. (அறிவியல் ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.) முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் மைக்கின் கனத்த அடிக்குரல், நம் ஹெட்ஃபோனில் நம் காதுக்கு மட்டும் இனிக்கும். பிள்ளையைப் போய்ச் சேராது. சேருவது எது என்றால், அறையின் எதிரொலி. அதை எந்தச் சின்ன ஒலிபெருக்கியும் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அதனால் முதல் செலவு அறைக்கு. செலவு என்று சொல்வதுகூடத் தப்பு, வீட்டில் இருப்பதுதான். நம் வீடுகள் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. குரல் இவற்றில் பட்டுத் திரும்பி, சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி தாமதமாக மைக்கில் மறுபடி விழுகிறது. தகர ஒலி என்று நாம் சொல்வது இதைத்தான். முட்டை அட்டை ஒட்டினால் சரியாகும் என்று பலர் நம்புகிறார்கள். முட்டை அட்டை ஒலியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பல்லிக்கு வீடு கிடைக்கும். மெல்லிய திரைச்சீலையும் போதாது. அது கூர்மையான ஒலியை மட்டும் விழுங்கிவிட்டு நடு அதிர்வெண்ணை விட்டுவிடும், குரல் பானைக்குள் பேசியது போல ஆகும். வேண்டியது கனமான இலவம்பஞ்சு மெத்தை. அதை நிறுத்தும் இடம் முக்கியம். பலரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். மைக்கின் முகம் நம்மைப் பார்த்து இருக்கிறது. நம் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து வருவதைத்தான் அது அதிகம் வாங்கும். மெத்தையை முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். செல்பேசியில் பதிபவர்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி பேசலாம். அந்த மைக் எல்லாத் திசையும் கேட்கும் வகை; குரல் புடவைகளுக்குள் போய் அடங்கிவிடும்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். செல்பேசி என்றால் ஒரு சாண், கையில் பிடிக்கும் மேடை மைக் என்றால் நான்கு விரற்கடை. ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்கில், நெருங்கிப் பேசினால் தாழ்ந்த அதிர்வெண்கள் தாமாகவே கூடும். அறிவிப்பாளர் குரலின் ரகசியத்தில் பாதி இது. நெருங்கும்போது 'ப' வெடிக்கும். நேராக ஊதாமல் மைக்குக்குச் சற்றுப் பக்கவாட்டில் பேசுங்கள். எம்பிராய்டரி வளையத்தில் நைலான் சாக்ஸை இழுத்து மாட்டினாலும் தடுப்பு தயார்.

இப்போது எந்தக் கடையிலும் விற்காத ஒன்று. நாற்பது பேருக்குக் கேட்கப் பேசிப் பேசி நமக்கெல்லாம் ஒரு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. மைக் முன்னால் உட்கார்ந்ததும் அதே குரல் எழும்புகிறது. உரக்கப் பேசும்போது குரலில் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கூர்மையான பகுதி மற்றதைவிட அதிகமாக ஏறும். செல்பேசி ஒலிபெருக்கியும் அந்தப் பகுதியைத்தான் துருத்திக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் பிள்ளையின் காதில் ஊசி. பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு பிள்ளைக்குக் கதை சொல்வது போலப் பேசுங்கள். குரல் தாழும், கூர்மை குறையும், வேகமும் தானே இறங்கும். எந்த மைக்காலும் கத்தலை இதமாக்க முடியாது. அமைதியான குரலையோ சாதாரண மைக்கே இதமாக வாங்கிக்கொள்ளும்.

தாழ்ந்து பேசினால் சுற்றுச் சத்தம் தலைகாட்டும், உண்மைதான். நம் ஊரில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் ரயிலின் ஹாரன் ஒன்று போதும். நான் விடியற்காலை நான்கரைக்குப் பதிவு செய்கிறேன்; மார்கழியில் அதுவும் முடியாது, ஒலிபெருக்கி நமக்கு முன்னால் எழுந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், அதனால் நான்கு நிமிடத் துண்டுகளாகப் பதியுங்கள். பிள்ளைகளுக்கும் அந்த அளவே நல்லது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் 'ம்ம்' என்ற இரைச்சல் அதனால் வரும். ஃப்ரிட்ஜை நிறுத்தும்போது வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். மறுபடி போட மறந்து பள்ளிக்குக் கிளம்ப முடியாது.

இனி மைக். செல்பேசியோடு இணைக்கும் காலர் மைக் சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. போயா பிஒய்-எம்1 நம்மில் பலரிடம் இருக்கிறது, 6 மீட்டர் ஒயர் உள்ளது. அது போதும். அதற்கு மேல் வாங்க வசதி இருந்தால், மேடையில் பாடகர்கள் பிடிக்கும் டைனமிக் வகையை வாங்குங்கள். 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் பெரிய கண்டென்சர் மைக் தெருவில் கீரை விற்பவர் குரல்வரை அள்ளிவரும். பதப்படுத்திய அறை இல்லாதவருக்கு அது தண்டச்செலவு என்பது என் கருத்து. வால்வு ப்ரீஆம்ப் பற்றியும் கேட்கிறீர்கள். அழகான கருவிதான், எனக்கும் ஆசை உண்டு. பாடப் பதிவுக்கு வேண்டாம்.

ஏ.ஆர். ரகுமான் வீட்டில்தானே தொடங்கினார் என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்புறம் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். 1992இல் 'ரோஜா' வந்தது. ஆனால் அது ஒலிப்பதிவுக்கென்றே அமைந்த இடம். நம் அறையிலோ இரவில் நான்கு பேர் தூங்குகிறார்கள்.

மேம்படுத்தியது பலித்ததா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நான் செய்வது இது. வலி, வளி, வழி. கலை, களை, கழை. தலை, தளை, தழை. அலகு, அளகு, அழகு. இவற்றை வரிசை மாற்றிப் படித்துப் பதிவு செய்கிறேன். வகுப்பிலேயே மலிவான செல்பேசி எதுவோ அதில் ஒலிக்கவிட்டு, பிள்ளைகளைச் சொல்வதெழுதச் சொல்கிறேன். ழகரத்தின் அடையாளம் சுமார் 2000 ஹெர்ட்ஸை ஒட்டிய மென்மையான ஓர் அசைவில் இருக்கிறது. எதிரொலி முதலில் அழிப்பது அதைத்தான். வெறும் அறையில் பதிந்ததைக் கேட்டு வழியையும் வளியையும் மாற்றி எழுதிய பிள்ளைகள், மெத்தை நிறுத்திப் பதிந்ததைக் கேட்டுப் பெரும்பாலும் சரியாக எழுதினார்கள். மைக் இரண்டிலும் ஒன்றுதான். நான் சொன்ன மாணவிக்கு இந்த வித்தியாசம் நம்மைவிடச் சீக்கிரம் பிடிபடுகிறது. "இன்னிக்கு ஃபேன் ஓடுது சார்" என்பாள்.

ஆடாசிட்டி இலவச மென்பொருள். அதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கூர்மை இருந்தால் 3000 ஹெர்ட்ஸ் அருகே 2 டெசிபல் குறையுங்கள். இரைச்சல் நீக்கியை அளவோடு பயன்படுத்துங்கள். மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகும். பேச்சுக்கு மோனோ போதும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் அது ஒலியை மிகவும் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்ற வழியில் கோப்பாகவே அனுப்புங்கள்.

காலர் மைக், மேடை மைக் இரண்டும் கொண்டுவந்திருக்கிறேன். மெத்தையும் ஆட்டோவில் வந்திருக்கிறது. உணவு இடைவேளைக்குப் பிறகு பக்கத்து அறையில் நிறுத்தி வைக்கிறேன். அந்தப் பன்னிரண்டு சொற்களை மெத்தையோடு ஒருமுறை, மெத்தை இல்லாமல் ஒருமுறை என்று நீங்களே படித்துப் பதிந்து, உங்கள் செல்பேசியில் கேட்டுப் பாருங்கள்.