விண்கப்பல் வாணிபம்

பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடினால், "படிப்பு கெட்டது" என்று ஏசுகிறோம். பல வேளைகளில் அந்த ஏச்சு நியாயமே. ஆயினும், கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பழைய கணினி விளையாட்டொன்றைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அதன் பெயர் 'எலைட்'. 1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதை உருவாக்கிய டேவிட் பிரேபன், இயன் பெல் இருவரும் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர்கள்.

ஆட்டம் தொடங்கும்போது ஒரு விண்கப்பலும், கையில் 100 கிரெடிட் பணமும் இருக்கும். பயிர்த்தொழில் நடக்கும் கோளில் உணவு மலிவு. ஆலைகள் நிறைந்த கோளில் அதற்கு நல்ல விலை. திரும்பும்போது கணினிகளை ஏற்றி வந்தால் மறுபடியும் இலாபம். போதைப்பொருள் கடத்தினால் பணம் குவியும். ஆனால் காவல் கப்பல்கள் துரத்தும். வழியில் கொள்ளையரும் உண்டு.

இது நம் மலாக்காவுக்குப் புதிய கதையா? 1511-இல் போர்த்துகீசியர் பிடிக்குமுன்பே, பழவேற்காட்டுத் துணிகள் மரக்கலங்களில் இத்துறைமுகம் வந்தன. அவற்றை விற்றவர்கள் கிராம்பும் சாதிக்காயும் வாங்கி, காற்று திரும்பும்வரை காத்திருந்து ஊர் திரும்பினர். இங்கேயே தங்கிவிட்ட வணிகர்களின் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள்.

இன்னொரு வியப்பும் உண்டு. அந்த ஆட்டத்தில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 விண்மீன்கள், மொத்தம் 2,048. கணினியின் நினைவகமோ 32 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாது. பிறகு எப்படி அடங்கிற்று? கோள்களின் விவரங்களை அவர்கள் எழுதி வைக்கவில்லை. சில எண்களை வைத்து, அவற்றை ஒரு விதிப்படி கூட்டிக் கூட்டிப் பெயரையும் தொழிலையும் வரவழைத்தார்கள். பெருக்கும் முறை தெரிந்தவனுக்கு எல்லா விடைகளையும் மனப்பாடம் செய்யும் வேலை இல்லையல்லவா? அதுபோலத்தான்.

பெற்றோர்களே, இதில் நமக்கொரு பாடம் உண்டு. அடுத்த கோளின் விலைப்பட்டியல் முன்கூட்டித் தெரியாது. போய்வந்த இடத்து விலையைக் குறித்து வைத்தவனே தேறுவான். நம் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள், கடைக்காரர் எழுதிய பற்றுக் கணக்கை அப்படியே நம்பி, சம்பள நாளில் வெறுங்கையோடு வீடு திரும்பின. விலை கேட்கவில்லை, குறித்து வைக்கவும் இல்லை.

ஆகவே, இந்த வாரம் உங்கள் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். அரிசி, சீனி, எண்ணெய் ஆகியவற்றின் விலையை அருகிலுள்ள கடையிலும் டவுனிலும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பஸ் கட்டணத்தையும் சேர்க்கட்டும். எங்கே வாங்குவது மிச்சம் என்று பிள்ளையே சொல்லட்டும். அதுவும் ஒரு விளையாட்டுத்தான்.