வெயிட் பெல்ட்டை எப்போது கழற்றணும்?

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கத்துக்கிட்டவங்க, அந்தமானில் நீருக்குள்ள இறங்கிப் பார்த்தவங்க இந்த அரங்கிலேயே சிலர் இருப்பீங்க. முதன்முறை இறங்குறவங்களைப் பயிற்சியாளர் பிடிச்சுக்கிட்டேதான் இருப்பார். இன்னிக்கு நான் பேசப்போறது பயிற்சி முடிச்சு, துணையோட இறங்குறவங்களுக்கு.

நம்மை மிதக்க வைக்கிற காற்றுச் சட்டைக்கு பிசிடி-ன்னு பேரு. அது கிழிஞ்சாலோ, வால்வு ஒழுகினாலோ காற்று நிக்காது. இடுப்பில் ஈய எடை வேற. மேல வந்தபிறகு மிதக்க முடியலையா? யோசிக்காதீங்க, பக்கிளைத் திறந்து பெல்ட்டைப் பிடிச்சு, உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிக் கைவிடுங்க. டைவிங் விபத்துகளில் இறந்தவங்க பலர், எடை இடுப்பில் இருந்தபடியேதான் மீட்கப்பட்டிருக்காங்க. ஈயம் போனா வாங்கிக்கலாம்.

ஆழத்தில் இருக்கும்போது கதை வேற. அங்கே எடையைக் கழற்றினா, மேல ஏற ஏற வெட்சூட்டும் விரிஞ்சு வேகம் கூடிக்கிட்டே போகும். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் உள்ள காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கினா நுரையீரலே கிழியலாம். அதனால முதலில் துணைக்குச் சைகை காட்டுங்க. அவரைப் பிடிச்சுக்கிட்டு, விடாம மூச்சு விட்டு, காலில் உள்ள ஃபின்னை உதைச்சு மெதுவா ஏறுங்க. நிமிஷத்துக்கு 9 மீட்டர் போதும். எப்படியும் ஏறவே முடியலைன்னா மட்டும்தான் அங்கே எடையைத் தொடணும்.

இதுக்கு நேர்மாறான கோளாறும் உண்டு. இன்ஃப்ளேட்டர் பட்டன் சிக்கி, சட்டை தானா ஊதிக்கிட்டே போகும். உடனே அந்தக் குழாயைக் கழற்றுங்க. இன்னொரு கையால காற்றை வெளியேத்துங்க. உப்பும் மணலும் படிஞ்ச பட்டன்தான் பெரும்பாலும் சிக்கும். வாடகைக்கு எடுக்கிற சாதனம்னா, படகு கிளம்புறதுக்கு முன்னாடியே ஊதியும் விட்டும் பாருங்க. கேட்கத் தயங்காதீங்க, காசு கொடுக்கிறது நீங்க.

எடையும் அதிகமா மாட்டிடுவாங்க, சீக்கிரம் கீழ போகட்டும்னு! சட்டையில் காற்றில்லாம, சாதாரணமா இழுத்த மூச்சைப் பிடிச்சு நின்னா கண் மட்டத்தில் தண்ணீர் நிக்கணும். அதுக்குக் கீழ போனா எடை கூடுதல்.

துணைவரோட பக்கிள் எந்தப் பக்கம் திறக்கும்னும் தொட்டுப் பார்த்துக்கங்க. கடலில் அவசரம்னா இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. கைப்பேசியில் இப்பவே பதிஞ்சு வைங்க.