முதல் நிமிடத்தின் விலை

(தாணேயில் பொருளியல் மாணவர்களிடையே ஆற்றிய உரை)



1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றியதும் இத்தாணே நகரில் வாக்ளே தொழிற்பேட்டை உருவாயிற்று. பின்னர் தாணே-பேலாப்பூர் சாலையிலும், இம்மாவட்டத்து டோம்பிவிலியிலும் சாயம், மருந்து, பூச்சிகொல்லி ஆலைகள் பெருகின. வேலைவாய்ப்புடன் அபாயமும் வளர்ந்தது. 2016 மே 26இலும் 2024 மே 23இலும் டோம்பிவிலியில் நிகழ்ந்த வெடிவிபத்துகளை நாடறியும். ஆனால், குழாய் கசிந்து ஒருவர் கை வெந்துபோனால் அது செய்தியாவதில்லை.

இரசாயனம், உடலில் ஒட்டியிருக்கும் வரை தசையை அரித்துக்கொண்டே இருக்கும். எரிசோடா, அமிலத்தைக் காட்டிலும் ஆழமாக ஊடுருவும். ஆகவே, உடனே ஆடையைக் களைந்து, ஓடும் நீரால் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவுதல் வேண்டும். சுட்ட சுண்ணாம்புத் தூளாயின், முதலில் அதைத் துடைத்தகற்றிய பின்னரே நீர் வார்க்க வேண்டும். அமிலப் புண்ணின் மீது காரத்தை ஊற்றுதல் தவறு. வெப்பம் பிறந்து புண் பெருகும். ஐரோலியில் தீக்காயத்திற்கெனவே தனி மருத்துவமனை உண்டு. எனினும், முதல் நிமிடத்தில் இழந்ததை எந்த மருத்துவராலும் முழுமையாக மீட்டுத்தர இயலாது.

ஒரு தொழிற்கூடத்தில் அவசர நீர்க்குழாய் இருக்கக் கண்டேன். அதை மறைத்து அமிலப் பீப்பாய்கள் அடுக்கப்பட்டிருந்தன. பீப்பாயில் இருப்பது யாதென அங்கிருந்த ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தெரியவில்லை. போபால் நிகழ்ச்சிக்குப் பின், 1987இல் திருத்தப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம், அபாயத்தைத் தொழிலாளிக்கு அறிவித்தலைக் கட்டாயமாக்கியது. சட்டம் வந்தும் நிலை மாறாதது ஏன்?

இங்கேதான் பொருளியல் நுழைகிறது. குழாய்ச் செலவு முதலாளியுடையது. கையிழந்தவரின் நட்டமோ பெரும்பாலும் குடும்பத்தின் மீதும் காப்பீட்டு நிதியின் மீதும் விழுகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டிற்கு 2019 ஜூலை முதல் முதலாளி செலுத்தும் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு. முன்யோசனையுள்ள ஆலைக்கும் அசட்டையான ஆலைக்கும் இதுவே விகிதம். ஜெர்மனியிலோ, விபத்துக் காப்பீட்டுக் கட்டணம் தொழிலின் அபாயத்திற்கேற்ப வேறுபடுகிறது. நாமும் இதனை ஆராய்தல் தகும். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. கட்டணம் உயருமென்று அஞ்சிச் சிலர் விபத்தையே மறைக்கக்கூடும். பதிவேட்டில் பெயரில்லாத ஒப்பந்தத் தொழிலாளிதான் அதனால் முதலில் பாதிக்கப்படுவார்.

உங்களுள் பலர் நாளை அரசு அலுவலர் ஆவீர்கள். ஆய்வுக்குச் செல்லும்போது, பதிவேட்டைக் கேட்குமுன் அந்த நீர்க்குழாயைத் திறந்து பாருங்கள். நீர் வராவிடில், மற்ற ஆய்வுகளை அதன் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.