அட்டை குத்திய கை

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் என் நெசவாளத் தோழர்களே, தாய்மார்களே, அத்திப்பள்ளியிலிருந்தும் சந்தாபுரத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தம்பிகளே, எங்களோடு தோளோடு தோள் உட்கார்ந்து தமிழ் கேட்க வந்திருக்கும் கன்னட சகோதரர்களே!

இந்தப் படிப்பகத்தில் இன்று பிள்ளைகளுக்காக எட்டுக் கணினி வைத்து ஓர் அறை திறக்கிறோம். கணினி என்றால் என்ன, அது எப்படி வளர்ந்தது என்று இருபது நிமிஷம் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் ஒரு மனிதரை விட்டுவிட்டு இதைப் பேச என்னால் ஆகாது. பெயரைச் சொல்லக் கூடாது என்று நேற்றே என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன். மூன்றாவது வரிசையில், தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், எழுந்து போய்விடுவார்.

உள்ளே வரும்போது ஒரு சின்னப் பையனைக் கேட்டேன். “தம்பி, கம்ப்யூட்டர் எங்கே பொறந்துச்சு?” பட்டென்று சொன்னான்: “எலக்ட்ரானிக் சிட்டியில.” சிரிக்காதீர்கள். வேறு எங்கே என்று சொல்வான்? கண்ணுக்கு எதிரே அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள்தானே நிற்கின்றன? அந்தப் பையனுக்குத்தான் இன்றைக்கு நான் பதில் சொல்கிறேன். கண்ணா, கம்ப்யூட்டரின் கொள்ளுத்தாத்தா உன் வீட்டுத் திண்ணைக்கு உள்பக்கம், குழித்தறியின் தலைக்கு மேலே, புழுதி படிந்து உட்கார்ந்திருந்தார். ஜக்கார்டுப் பெட்டி!

கைதட்டுங்கள், தட்டத்தான் வேண்டும். இது உங்கள் பாட்டன் சொத்து.

1804. பிரான்சு நாட்டில் லியோன் என்று ஒரு பட்டு ஊர். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். பட்டில் பூ விழ வேண்டும் என்றால், தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்று நூலை இழுத்து இழுத்துக் கொடுக்க வேண்டிய காலம். அந்த ஊரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர், தனக்கு முன்னால் சிலர் முயன்று பார்த்ததையெல்லாம் சேர்த்து ஒரு பெட்டி செய்தார். பெட்டியில் ஊசிகள், கொக்கிகள், கீழே மாலை மாதிரி கோத்துத் தொங்கும் அட்டைகள். தறி பார்க்காத தம்பிகளுக்காகச் சொல்கிறேன். மிதியை அழுத்தினால் ஓர் அட்டை வந்து ஊசிகளின் முகத்தில் படும். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி மேலே ஏறும், அந்தப் பாவு இழை எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குப் போகும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். நாடா குறுக்கே ஓடும். டக்! அடுத்த அட்டை. டக்!

ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. இந்த இரண்டே இரண்டு சொல். இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கிற செல்போனுக்கும் அந்த இரண்டு சொல்தான் தெரியும். ஒன்று, பூஜ்யம்.

இன்னொன்று கேளுங்கள், இதுதான் முக்கியம். மயில் நெய்த தறியில் நாளைக்கு மாங்காய் நெய்ய வேண்டும். தறியை உடைத்து வேறு தறி செய்கிறோமா? இல்லை. அட்டையை மாற்றுகிறோம். தறி அதே தறி, அட்டை மாறினால் வேலை மாறுகிறது. கணினி என்பது அவ்வளவுதான் ஐயா! அதே பெட்டியில் காலையில் கணக்கு, மத்தியானம் கடிதம், ராத்திரி சினிமா. அட்டைக்கு இன்றைக்குச் சாஃப்ட்வேர் என்று பெயர்.

லண்டனில் சார்லஸ் பாபேஜ் என்று ஒரு கணித மேதை. 1830களில், எந்தக் கணக்கையும் போடுகிற ஒரு பித்தளை இயந்திரத்துக்குப் படம் போட்டார். அந்த இயந்திரத்துக்குக் கட்டளை கொடுப்பது எப்படி? தேடித் தேடிக் கடைசியில் நெசவாளியின் அட்டைக்குத்தான் வந்தார். ஜக்கார்டின் உருவத்தை அப்படியே பட்டில் நெய்த ஒரு படம் உண்டு, அதற்குக் குத்திய அட்டைகள் 24,000! அந்தப் படத்தை வாங்கித் தன் வீட்டில் மாட்டி, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டினார் பாபேஜ். இயந்திரத்தை அவரால் கட்டி முடிக்க முடியவில்லை. ஆனால் அதற்கு என்ன கட்டளை கொடுக்கலாம் என்று 1843-இல் எழுதிக்காட்டினார் ஒரு பெண், ஏடா லவ்லேஸ். தறி பூவையும் இலையையும் நெய்கிற மாதிரி இந்த இயந்திரம் கணக்கை நெய்யும் என்றார் அந்த அம்மா. ஒரு பிரபுவின் மகள் எழுதுகிறார், உவமைக்கு எங்கே போனார்? தறி மேடைக்கு!

ஜக்கார்டு பெயர் இருக்கிறது. பாபேஜ் பெயர் இருக்கிறது. அந்த 24,000 அட்டையைக் குத்திய கை யாருடையது? யாருக்காவது தெரியுமா? அங்கேதான் எனக்கு வலிக்கிறது. அப்படி அட்டை குத்திய ஒரு கை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

என் அக்கா கல்யாணத்துக்குக் கூறைப்புடவை நம் தெருவில்தான் நெய்தோம். கரையில் வரிசையாக அன்னப்பட்சி. ஒரு சாண் ஓடிய பிறகு என் அப்பா பார்க்கிறார், அன்னத்துக்குக் கண் ஓர் இழை தள்ளி விழுந்திருக்கிறது. ஒரு பறவைக்கு அல்ல, எல்லாப் பறவைக்கும்! அட்டையில் ஒரு தப்பு இருந்தால் சுற்றுக்குச் சுற்று அதே தப்பு வரும் அல்லவா? முகூர்த்தத்துக்குப் பதினோரு நாள். நெய்கிறவர் தலையில் கை வைத்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு இந்த மனிதரைக் கூட்டி வந்தோம். கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்கைத் திண்ணையில் வைத்து, அட்டை மாலையை மடியில் போட்டுக்கொண்டார். கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தடவிக்கொண்டே போகிறார், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி. நூறு தாண்டியது, இருநூறு தாண்டியது. ஓர் இடத்தில் விரல் நின்றது. “இங்கே ஒண்ணு தள்ளிக் குத்திட்டேன்பா.” தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார், அதைக் கவனியுங்கள்! பழைய காலண்டர் தாளில் சுண்டுவிரல் நகம் அளவு கிழித்து, சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, அந்த ஓட்டையின் மேல் ஒட்டினார். பக்கத்து இடத்தில் உளியை வைத்து ஒரே தட்டு. அவ்வளவுதான். மறுநாள் காலையில் அன்னம் கண் திறந்தது.

இன்றைக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்கிற தம்பிகள் நாலு பேர் இங்கே இருக்கிறீர்கள். சாஃப்ட்வேரில் தப்பு வந்தால் அதைத் திருத்த என்ன போடுகிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள்! பேட்ச்! பேட்ச் என்றால் ஒட்டு. கணினி அட்டையையும் காகித நாடாவையும் தின்று ஓடிய காலத்தில், தப்பாக விழுந்த ஓட்டையின் மேல் நிஜமாகவே காகிதத் துண்டை ஒட்டித்தான் திருத்தினார்கள். அதில் வந்த பெயர்தான் அது. அமெரிக்காவில் பசை, நம் ஆனேக்கல்லில் சோற்றுப் பருக்கை!

இந்த மனிதர், இதே மனிதர், முதியோர் நெசவாளர் உதவித்தொகைக்கு ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். “நீ தறியிலே உட்கார்ந்தியா? அட்டைதானே குத்தினே? அப்போ நீ நெசவாளி இல்லே” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “வா, டீ சாப்பிடலாம்” என்றார்.

சரி. கதைக்கு வருகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அமெரிக்காவில் 1880-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை எண்ணி முடிக்க ஏழெட்டு வருஷம் ஆனது. 1890-இல் ஹெர்மன் ஹொலரித் என்பவர் ஆளுக்கு ஓர் அட்டை, ஆண் என்றால் இங்கே ஓட்டை, பெண் என்றால் அங்கே ஓட்டை என்று குத்தி, மின்சார இயந்திரத்தில் விட்டு எண்ணினார். அவர் தொடங்கிய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, பெயர் மாறித்தான் ஐபிஎம் ஆனது. 1946-இல் உலகுக்குக் காட்டிய எனியாக் இயந்திரத்தில் சுமார் 18,000 வால்வு, எடை 30 டன். அடுத்த வருஷமே டிரான்சிஸ்டர் வந்தது, வால்வுக்கு மெல்ல மெல்ல வேலை போனது. 1958-இல் ஜாக் கில்பி ஒரே துண்டில் முழுச் சுற்றையும் அடக்கிக் காட்டினார். 1971-இல் இன்டெல் சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர். இன்றைக்கு ஒரு நல்ல செல்போன் சிப்பில் ஆயிரம் கோடிக்கு மேல்! அந்தச் சிப்பு எதில் செய்கிறார்கள்? சிலிக்கானில். சிலிக்கான் எதிலிருந்து? கல்லிலிருந்து! நாம் உட்கார்ந்திருப்பது எந்த ஊர்? ஆனேக்கல்!

போதும், போதும். விசில் வேண்டாம்.

போன மாதம் வேறொரு மேடையில் ஒரு நண்பர் முழங்கினார். கம்ப்யூட்டரெல்லாம் நம் ஓலைச்சுவடியில் அப்போதே இருந்தது, வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போனான் என்று. அவருக்கு அங்கே கைதட்டல் கிடைத்தது. நான் அவரைக் கேட்கிறேன். ஐயா, எந்தச் சுவடி? எந்த ஏடு? காட்டுங்கள், நானே தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். காட்ட முடியாது என்றால் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள்! நாளைக்கு அந்தப் பிள்ளை பெரிய படிப்பு படித்து, அது பொய் என்று கண்டுகொண்டால், உங்கள் பொய்யோடு சேர்த்துத் தமிழையும் அல்லவா தூக்கிப் போடும்? நம்மிடம் உண்மையிலேயே இருப்பதைச் சொல்லுங்கள். யாப்பில் அசை எத்தனை? இரண்டு. நேர், நிரை. இரண்டு அசை சேர்ந்தால் எத்தனை சீர்? தேமா, புளிமா, கருவிளம், கூவிளம், நான்கு. மூன்று அசை சேர்ந்தால்? காய் நாலு, கனி நாலு, எட்டு. இரண்டு, நாலு, எட்டு! கணினிப் பாடத்தின் முதல் பக்கம் இதே கணக்குத்தான். நம் புலவர்கள் கணினி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டே குறியை வைத்துக்கொண்டு ஓர் உலகத்தைக் கட்டலாம் என்கிற புத்தி நம் பிள்ளைக்குப் புதிது இல்லை என்கிறேன். இதைச் சொல்ல அந்த நண்பருக்கு என்ன தடை?

தமிழுக்குக் கம்ப்யூட்டர் சரிப்படாது என்று சொன்னவர்களும் உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், இவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. உட்கார்ந்து எழுத்துருவும் விசைப்பலகையும் செய்தார்கள். 1999-இல் சென்னையில் மாநாடு கூடி, தமிழ்99 என்று விசைப்பலகையே முடிவானது. இந்த எட்டுக் கணினியிலும் அதுதான் இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

கணக்கும் கணினியும் என்றதும் எனக்கு பெங்களூர் சகுந்தலா தேவி அம்மா நினைவு வருகிறது. அந்த ஊர் மண்ணின் மகள். அப்பா சர்க்கஸ் கலைஞர். மூன்று வயதில் சீட்டு வித்தை சொல்லிக்கொடுக்கப் போய், குழந்தையின் மூளையைக் கண்டு அப்பாவே மிரண்டார். 1977-இல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில், 201 இலக்க எண்ணுக்கு இருபத்துமூன்றாம் மூலம் கேட்டார்கள். 50 வினாடியில் சொன்னார் அம்மா. யுனிவாக் கணினிக்கு 62 வினாடி ஆனது!

தாய்மார்களே, நிலாவுக்கு மனிதன் போனதற்கும் உங்கள் தொழிலுக்கும் உறவு இருக்கிறது. அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கான கட்டளைகளை மாசசூசெட்ஸில் வால்தம் என்ற ஊரில், ரேதியான் தொழிற்சாலையில், பெண்கள் கையால் கோத்தார்கள். சின்னச் சின்ன வளையம், மெல்லிய கம்பி. வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். அவர்களில் நெசவு ஆலையில் வேலை பார்த்துப் பழகியவர்களும் இருந்தார்கள்.

நம் நாட்டுக்கு முதல் கணினி 1955-இல் கொல்கத்தாவுக்கு, மகலனோபிஸின் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது. அது விலைக்கு வாங்கியது. பம்பாயில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், நாமே கட்டினோம். கட்டிய குழுவுக்குத் தலைவர் யார்? சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் படித்த நம் ஆர். நரசிம்மன்! 2,700 வால்வு வைத்து 1960-இல் ஓடவிட்டார்கள். டிஃப்ராக் என்று நேரு பெயர் வைத்தார். பிறகு இங்கே, பக்கத்தில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.கே. பாலிகா என்ற ஒரு பெருமகன், வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு, இதை இந்தியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆக்குவேன் என்றார். 1970களின் இறுதியில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு 332 ஏக்கர். அன்றைக்கு எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? இன்றைக்குப் பாருங்கள்.

பார்த்தேன். நானும் தினம் பார்க்கிறேன். நம் தெருப் பையன்கள் பலர் அந்த வாசலில் நீலச் சட்டை போட்டு, வருகிற கார்களுக்குக் கம்பியைத் தூக்கிவிடுகிறார்கள். உழைப்புதான், குறைவில்லை. ஆனால் கொள்ளுத்தாத்தா வீட்டில் பேரன் வாசலோடு நிற்பதா? இந்த எட்டுக் கணினி அதற்காகத்தான் வந்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மனிதரின் வேலையை எடுத்ததும் கணினிதான். டிசைனைக் கணினியில் போடுகிறார்கள், எலக்ட்ரானிக் ஜக்கார்டு தானே படித்துக்கொள்கிறது. அட்டைக்கு வேலை இல்லை, உளிக்கு வேலை இல்லை. இந்த அறைக்கு யாராவது தடை சொல்ல உரிமை உள்ளவர் என்றால் அவர்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? நேற்று ராத்திரி ஒரு மஞ்சள் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே அந்த அன்னப்பட்சி அட்டை மாலை, கூடவே உளி. “அறையிலே ஒரு ஆணி அடிச்சு மாட்டிடு. பசங்க தொட்டுப் பார்க்கட்டும், கண்ணாடி போட்டு மூடிடாதே” என்றார். மாட்டிவிட்டேன். முப்பது வருஷம் கழித்தும் அந்தக் காலண்டர் தாள் ஒட்டு விழவில்லை.

திறப்பதற்கு ஒரு பெரிய விருந்தினரைக் கூப்பிட்டிருந்தோம், வர முடியவில்லை என்று இப்போதுதான் சீட்டு வந்திருக்கிறது. மிக்க நல்லது! எட்டுக் கணினிக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் வாசல் பக்கத்தில் இருக்கிறது. அண்ணே, பெயர் சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன், கூப்பிட மாட்டேன் என்று சொல்லவில்லை. எழுந்திருங்கள். தம்பி, அந்தப் படி கொஞ்சம் உயரம், அண்ணன் கையைப் பிடித்துக்கொள். வழி விடுங்கள் எல்லோரும்.