தீவு அலுவலகங்களும் குரல் நுழைவாயிலும்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரின் சாத்தம் துறையிலிருந்து பாம்பூஃப்ளாட் படகில் சில நிமிடப் பயணமே. தரைவழியே செல்வதென்றால் நீண்ட சுற்று. ஆதலின் இவ்விரு கரைகளிலும் உள்ள அலுவலகங்களுக்குத் தொலைபேசி வெறும் வசதியன்று. படகு இல்லாத வேளையில் அதுவே பாலம்.

சென்னையையும் தீவுகளையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பெற்றது. அதற்குமுன் தாயகத்துடனான தொடர்பு செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கக் குரலுக்குக் கால் நொடி வேண்டும்; மறுமொழி திரும்ப மேலும் கால் நொடி. ஒருவர் முடித்தாரா என மற்றவர் தயங்குவார். பின்னர் இருவரும் ஒருசேரப் பேசுவர். வடத்தின் வழியாகவோ ஒருவழித் தாமதம் நொடியில் நூறில் ஒரு பங்களவே.

இந்நிலையில்தான் குரல் நுழைவாயில் எனும் கருவி பயன் தருகிறது. அது குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, எண்களாக்கி, சிறு பொட்டலங்களாகக் கணினி வலைப்பின்னலில் அனுப்புகிறது. இதற்காக அலுவலகத்தின் பழைய இணைப்பகத்தையோ மேசைத் தொலைபேசிகளையோ கழித்துவிட வேண்டியதில்லை. நுழைவாயிலில் இருவகை முனைகள் உண்டு. ஒன்று தொலைபேசியைப் போல் நடந்துகொள்ளும். அதை இணைப்பகத்தின் கிளைக் கம்பியில் பொருத்த வேண்டும். மற்றது இணைப்பகத்தைப் போல் மின்சாரமும் மணியும் வழங்கும். அதில் தொலைபேசியைப் பொருத்தலாம். இதை மாற்றிப் பொருத்துவோர் பலர். தொலைபேசியோடு தொலைபேசியை இணைத்தால் மணி எங்கிருந்து ஒலிக்கும்?

மற்றொரு தொல்லை, பேச்சு முடிந்ததைக் கருவி அறியாமை. இந்தியாவில் ‘பிசி’ ஒலி 400 ஹெர்ட்ஸ். முக்கால் நொடி ஒலித்து, முக்கால் நொடி ஓயும். அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்ட கருவி எதிர்பார்ப்பது வேறு ஒலி. எனவே எதிர்முனையில் ஒலிவாங்கியை வைத்த பின்னரும் அது கம்பியை விடாது. அலுவலகத்தில் ஒருவரும் பேசாதிருக்க, வெளியிலிருந்து அழைப்பவர்க்கு நாள் முழுதும் ‘பிசி’ என்றே கேட்கும். கருவியில் நாட்டைத் தேர்ந்தெடுத்து, ஒலியளவைச் சரிபார்த்தால் இது தீரும். எதிரொலியை நீக்கும் அமைப்பு கருவியிலேயே உண்டு.

அழைப்புகளை ஆளும் கணினி எங்கிருக்கிறது என்பதே முதன்மையான வினா. அது சென்னையில் இருந்தால், பாம்பூஃப்ளாட்டிலிருந்து எதிர்க்கரைக்குச் செய்யும் அழைப்புக்கும் கடலடி வடம் தேவைப்படும். வடம் அறுந்தால் கண்ணுக்கெட்டிய கரையும் எட்டாது! செலவு சற்றுக் கூடினும் தீவுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுக் கணினி இருத்தல் வேண்டும்.

மின்சாரமும் அத்தகையதே. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி, தொலைபேசி நிலையத்தின் மின்கலத்திலிருந்து 48 வோல்ட் பெற்று, ஊரே இருண்டபோதும் பேசும். நுழைவாயிலோ மின்சாரம் நின்றதும் ஊமையாகும். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கண்ட தீவுகள் இவை. எனவே செப்புக் கம்பி இன்னும் உள்ள அலுவலகங்கள் ஓர் இணைப்பையேனும் நுழைவாயிலில் சேர்க்காமல் தனியே வைத்திருத்தல் நலம். அது இல்லாதவிடத்து நுழைவாயில், இணைப்பகம், ஒளியிழைப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் மின்கலம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்துவிட்டு ஏற்பாடு முடிந்ததாகக் கருதுவோர் உளர். மாதம் ஒருமுறை முதன்மை விசையை அணைத்து, எதிர்க்கரையை அழைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.