மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்குத் தீட்டிய கற்கள்



1851ஆம் ஆண்டு லண்டனில் மாபெரும் உலகப் பொருட்காட்சி நடந்தது. இந்தியாவிலிருந்து போன கோஹினூர் வைரத்தை அங்கே காணக் கூட்டம் முண்டியடித்தது. பார்த்தவர்களில் பலருக்கு ஏமாற்றம். 'இவ்வளவுதானா?' என்று கேட்டார்கள். சுற்றிலும் வாயு விளக்குகளை ஏற்றி வைத்தும் எதிர்பார்த்த ஜொலிப்பு வரவில்லை. மறு ஆண்டே, விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்டின் மேற்பார்வையில் அதை மறுபடியும் பட்டை தீட்டினார்கள். சுமார் 186 காரட் இருந்த கல் 105.6 காரட்டாகக் குறைந்தது. 40 சதவீதத்துக்கு மேல் போயே போய்விட்டது.

குறை கல்லில் இல்லை. கல்லின் பருமனைக் காப்பாற்றுவதே இந்தியப் பட்டறையின் பெருமை. லண்டன்காரர்கள் தேடியதோ ஜொலிப்பை. ஒரு காலத்தின் கண்ணால் இன்னொரு காலத்தின் நகையை எடை போட்டதால் வந்த இழப்பு அது. பழைய நகை எதைக் கையில் எடுத்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எந்த வெளிச்சத்தில் அணிவதற்காக இதைச் செய்தார்கள்?

இங்கிலாந்தில் 1714 முதல், விக்டோரியா அரியணை ஏறிய 1837 வரையிலான காலத்தை ஜார்ஜியன் காலம் என்பார்கள். அன்று இரவு விருந்தென்றால் மெழுகுவர்த்திதான். அந்த மங்கிய, அசைகிற சுடரில் கல் உயிர்பெற வேண்டும். அதற்காகக் கல்லின் பின்புறத்தை மூடிக் கட்டி, அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு வைத்தார்கள். நிறம் குன்றிய கல்லுக்கு வண்ணத் தகடு. வைரத்தை, அதன் வெண்மை கெடாதிருக்க, வெள்ளியிலும், நிறக் கற்களைத் தங்கத்திலும் பதிப்பது வழக்கம். நம் ஊர்ப் பழைய அட்டிகையிலும், அடியில் தகடு கொடுத்து மூடிக் கட்டிய கற்களைக் காணலாம். நுட்பம் ஒன்றுதான்.

அன்றைய வைரங்களைக் கையாலேயே தீட்டினார்கள். தலை உயரமாக இருக்கும், மேல்முகம் சிறியது, பட்டைகள் அகலமானவை. இன்றைய வைரம் பொடிப்பொடியாக மின்னும். அந்தக் கல்லோ, அணிந்தவர் தலையைத் திருப்பும்போது அகலமான ஒளியை நிதானமாக வீசும்.

பிறகு வெளிச்சமும் மாறியது, கல் கிடைக்கும் இடமும் மாறியது. 1867இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தது. சில ஆண்டுகளில் கற்கள் வந்து குவிந்தன. 1881இல் லண்டன் சவாய் நாடக அரங்கம் முழுவதும் மின்விளக்கு எரிந்தது. மின்னொளியில் தகட்டின் தயவு தேவையில்லை. கல்லின் அடிப்புறத்தைத் திறந்து கட்டும் வழக்கம் அதற்கு முன்பே வந்திருந்தது. 1886இல் டிஃபனி நிறுவனம் ஆறு கொக்கிகளில் வைரத்தைத் தூக்கி நிறுத்தும் மோதிரத்தைக் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாட்டினம் வந்தது. மெலிந்த கம்பியே கல்லைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு என்பதால், பின்னல் வேலை போன்ற நகைகள் பிறந்தன. 1919இல் பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி, கல் நன்றாக ஜொலிப்பதற்கான கோணங்களைக் கணக்கிட்டு நூலாக வெளியிட்டார். இன்று கடைகளில் பார்க்கும் வட்ட வைரத்துக்கு அந்தக் கணக்கே அடிப்படை.

அந்த அளவுகோலை வைத்துப் பழைய கல்லைப் பார்த்து, 'ஒளி இல்லை, தீட்டிவிடலாம்' என்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து இணங்காதீர்கள். எடை போகும், அதைவிட, கையால் தீட்டிய அந்த வேலைப்பாடு போகும். போனால் திரும்பாது.

பராமரிப்பிலும் கவனம் வேண்டும். மூடிக் கட்டிய நகையைத் தண்ணீரில் போடவே கூடாது. ஈரம் உள்ளே புகுந்தால் தகடு கறுத்து, கல் செத்துப்போகும். மீயொலியில் கழுவும் இயந்திரமும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். விவரம் தெரிந்த ஆசாரியிடம் காட்டி, கல் என்ன, எப்படிக் கட்டியது என்று கேட்டு எழுதி வையுங்கள். விற்கும் நிலை வந்தாலும், தங்கத்தின் எடைக்கு மட்டும் விலை பேசாதீர்கள். அந்தக் கைவேலைக்கும் சேர்த்துப் பேசுங்கள்.