அடிபட்டவனின் நஷ்டஈடு அடமானப் பொருள் அல்ல!

(போடிநாயக்கனூர் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஏலத்தோட்டத்துக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு மலையேறுகின்றன. அவர்கள் பறிக்கும் காய்தான் நம் கடைகளுக்கு வருகிறது. அந்த ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்தால்? தனியார் மருத்துவமனையில் பில் ஏறும், கையில் காசிருக்காது. "கேஸ் போட்டு வாங்கிக்கலாம், இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று ஒருவர் வெற்றுத்தாளை நீட்டுவார். குடும்பம் கவிழ்வது அந்த இடத்தில்தான்!

அமெரிக்காவின் பல மாநிலங்களில், அடிபட்டவருக்கு வரும் நஷ்டஈட்டில் மருத்துவமனை தன் பாக்கியைப் பிடித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால் கிடைக்கும் தொகையை எழுதிக் கொடுக்கவோ, அடகு வைக்கவோ, ஜப்தி செய்யவோ கூடாது என்று 1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அன்றே தடுத்தது.

அப்படியானால் டாக்டருக்குக் கொடுக்க வேண்டியதில்லையா? கொடுக்க வேண்டும்! அது கடன், கடனைத் தீர்ப்பது கடமை. ஆனால் கடன்பட்டவன் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம். நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. உயிருக்குப் போராடுபவருக்கு முதலில் சிகிச்சை, மற்றவை பிறகு என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கிக்காக நோயாளியையோ மய்யித்தையோ பிடித்து வைக்கக் கூடாது என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம்.

இளைஞர்களே, இவற்றை மனதில் வையுங்கள்:

வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். பில், டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் நீங்களே வைத்திருங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி.

விபத்து பூப்பாறையில் நடந்தாலும், கேரளாவுக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மோட்டார் வாகன விபத்து வழக்குப் போடலாம். 2022 ஏப்ரலில் ஆறு மாதக் கெடு நடைமுறைக்கு வந்தது, எனவே தாமதிக்காதீர்கள்.

கிடைப்பதில் பங்கு பேசும் வக்கீலை நம்பாதீர்கள். பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. ஃபீஸ் பாக்கி என்று கட்டை நிறுத்தி வைக்கவும் வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வியாபாரிகளே! ஏழை தன் கேஸை ஏன் அடகு வைக்கிறான்? அந்த நேரத்தில் வட்டியில்லாமல் கைகொடுக்க ஆளில்லாததால்தானே! ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலில் விபத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கட்டும். அழகிய கடனாகக் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள், சாட்சி வையுங்கள். நஷ்டஈடு வந்ததும் கொடுத்ததை மட்டும் வாங்குங்கள். மதம் பார்க்காதீர்கள், ஜீப்பில் எல்லாரும் ஒன்றாகத்தான் ஏறுகிறார்கள்.

கால் ஒடிந்தவனின் காசில் கை வைக்காத சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.